லிங்கி ஆற்று வரிச் சண்டை

லாபு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாலைப் பொழுதில் நம் இளைஞர் நால்வர் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்ததை நாம் கேட்க நேர்ந்தது. கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் மூன்று நாட்கள் நடந்த போரை அவர்கள் நாழிகைக் கணக்காக அறிந்திருந்தனர். தென்னவர் தளபதி லீ மூன்றாம் நாள் தம் படையைத் திறந்த வெளியில் ஏவியது மடமையா, வேறு வழியின்மையா என்பதே வழக்கு. தோட்டத்திலே பிறந்து லாரி ஓட்டும் ஒருவரும், எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஒருவரும் கடல் கடந்த ஒரு நாட்டின் சரித்திரத்தை இவ்வளவு ஆசையோடு படித்திருப்பது கண்டு நாம் உண்மையாகவே மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சியோடு நில்லாமல், "தம்பி, இந்த லாபுவைச் சுற்றியுள்ள நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி ஏதேனும் படித்ததுண்டா?" என்று கேட்டோம். "இங்கே ஏது ஐயா போர்? எல்லாம் காடாகத்தானே கிடந்தது. நம் பாட்டன்மார் வந்துதானே வெட்டித் தோட்டமாக்கினார்கள்" என்று விடை வந்தது.

இந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. கித்தாக் காட்டை உண்டாக்கியதில் நம்மவர் சிந்திய வியர்வையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் நாம் வருமுன் இங்கே மனிதரே இல்லை, வரியில்லை, வழக்கில்லை, அரசில்லை என்று எண்ணிக்கொள்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்காகும். அடுத்த வீட்டுக்காரனின் பாட்டன் கதையை அறியாதவன் தன் பாட்டன் கதையை அவனிடம் சொல்லிக் கேட்கச் செய்வது எங்ஙனம்? ஆகவே அந்த இளைஞர்களுக்குச் சொல்லியதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள் என்பது பொருள். சுமத்திராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பள்ளத்தாக்குதோறும் அமைத்துக்கொண்ட சிறு நாடுகளே அவை. 1773-இல் ராஜா மெலேவார் என்பவரை வரவழைத்து அவற்றுக்குத் தலைமை மன்னராக வைத்தார்கள். எனினும் உண்மையான அதிகாரம் அந்தந்த நாட்டுத் தலைவனிடமே இருந்தது. இவர்களிடையே குடும்பமும் நிலமும் பட்டமும் தாய்வழியே செல்லும். நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் மருமக்கள் தாயம் என்று சொல்வதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஒன்பதில் ஒன்று சுங்கை ஊஜோங். சிரம்பானும் லாபுவும் இதற்குள் அடங்கியவை. இங்கே தலைவர் ஒருவர் அல்லர், இருவர். நாட்டுத் தலைவருக்கு டத்தோ கிளானா என்று பட்டம். ஆற்றுக்கும் அதன் வழியே செல்லும் வாணிகத்துக்கும் பொறுப்பாளராக விளங்கியவர் டத்தோ பண்டார். முன்னவர் நிலத்துக்கு, பின்னவர் நீருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லும் பழமும் விளைந்த காலத்தில் இந்தப் பங்கீடு இடர் தரவில்லை. ஈயம் வந்தது; நிலத்தைவிட நீர் பெரிதாயிற்று.

ஈயம் ஏன் வந்தது என்பதற்கு நம் இளைஞர்களின் அமெரிக்க யுத்தத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் இலட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு இறைச்சியும் பாலும் தகர டப்பாவில் அடைத்து அனுப்பப்பட்டன. இரும்புத் தகட்டுக்கு ஈயப் பூச்சு இல்லையேல் அந்த உணவு கெட்டுவிடும். போர் முடிந்த பின்னும் டப்பா உணவின் பழக்கம் உலகை விட்டுப் போகவில்லை. ஈயம் வேண்டும் என்ற குரல் மேல் நாடுகளில் எழ, லாருட்டிலும் கிள்ளானிலும் ராசா, ராஹாங் பகுதிகளிலும் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மண்ணைத் தோண்டினார்கள். முதல் போட்டவர்கள் பெரும்பாலும் மலாக்காவிலும் பினாங்கிலும் இருந்த தவுக்கைகள். அமெரிக்கச் சிப்பாய் உண்டு எறிந்த டப்பாவுக்கும் இன்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ராசா சாலைக்கும் இப்படியொரு உறவு இருப்பதை நாம் சொன்னபோது, லாரி ஓட்டும் தம்பி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

தோண்டிய ஈயத்தை மலாக்காவுக்குக் கொண்டு செல்ல அன்று சாலையில்லை. லிங்கி ஆறு ஒன்றே வழி. சிரம்பான் பக்கத்து நீரெல்லாம் லிங்கியில் சேர்ந்து தெற்கே கடலை அடைகிறது. (நம் லாபு ஆறு மட்டும் அந்தக் கூட்டில் சேராமல் வடக்கே திரும்பி லங்காட்டு ஆற்றில், அதாவது சிலாங்கூர் நாட்டில், போய் விழுகிறது. நாம் நிற்பது இரு நாடுகளின் நீர்வரம்பில் என்பதை லாபுக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.) லிங்கி ஆற்றில் ஈயப்படகு ஒன்று புறப்பட்டால் பண்டாருக்கு ஒரு வரி, கிளானாவுக்கு ஒரு வரி, லிங்கி ஊர்த் தலைவருக்கு ஒரு வரி, ரெம்பாவ் தலைவருக்கு ஒரு வரி. கரையில் மரமும் மண்ணும் கொண்டு அரண் கட்டி, நாலு பீரங்கியை வைத்துக்கொண்டவன் எவனோ அவனும் வரி கேட்பான். இன்று நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைக் கண்டால் நாம் முணுமுணுக்கிறோம். அன்று படகுக்காரன் முணுமுணுத்திருந்தால் குண்டு பாய்ந்திருக்கும்.

1860-இலேயே இந்த வரித் தகராறு ஒரு முறை இரத்தம் கண்டது. மலாய்த் தலைவர்கள் பிரிந்தபோது சீனரும் இரு கட்சியானார்கள். அந்தச் சண்டையில் கொல்லப்பட்ட கப்பித்தான் ஒருவரைச் சீனர் பிற்காலத்தில் தெய்வமாக்கி, கோலாலம்பூரில் சின் சே சீ யா என்ற கோவிலில் வைத்து இன்றும் வணங்குகிறார்கள். அவருடைய ஆட்களில் ஒருவராய் இருந்து, சிறிது காலம் சுங்கை ஊஜோங்கிலேயே கப்பித்தானாகவும் விளங்கி, பின்னர் கோலாலம்பூரை ஆக்கியவர் யாப் ஆ லோய். தலைநகரை ஆக்கியவர் பயின்ற பள்ளி நம் சிரம்பான் என்றால் தவறில்லை.

நிற்க. 1867-இல் சிலாங்கூரில் பெரும் உள்நாட்டுப் போர் மூண்டது. கிள்ளான் ஆற்று வரி யாருக்கு என்பதில் ராஜா அப்துல்லாவுக்கும் ராஜா மஹ்டிக்கும் தொடங்கிய பகை, தெங்கு கூடின், யாப் ஆ லோய், பகாங் படை என்று பலரையும் உள்ளிழுத்து ஏழாண்டு எரிந்தது. பேராக்கில் லாருட் சுரங்கங்களைப் பற்றிச் சீனச் சங்கங்கள் மோதின. சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் கடன் கொடுத்திருந்த வர்த்தகர்கள் தங்கள் பணம் போகிறதே என்று வெள்ளை அரசிடம் முறையிட்டார்கள். புதிதாய் வந்த கவர்னர் ஸர் ஆண்ட்ரூ கிளார்க் 1874 ஜனவரி 20-இல் பங்கோரில் பேராக் தலைவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். பள்ளிப் புத்தகங்களில் இது மட்டுமே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 21-இல், சிங்கப்பூரில் சுங்கை ஊஜோங்குக்காக நடந்த கையெழுத்தைப் பற்றிப் பேசுவார் அரியர்.

கையெழுத்திட்டவர் டத்தோ கிளானா சையது அப்துல் ரஹ்மான். உடன் லிங்கியின் தலைவர். ஆற்றைத் தடையின்றி வைத்திருப்போம் என்று இவர்கள் வாக்குக் கொடுக்க, பாதுகாப்பு அளிப்போம் என்று கவர்னர் வாக்குக் கொடுத்தார். சையது என்ற பெயர் தந்தை வழியால் அரபு மரபைக் காட்டும். கிளானாப் பட்டமோ தாய் வழியால் வந்தது. பதவிக்குப் புதியவர். எதிரே நின்ற டத்தோ பண்டார் குலோப் துங்காலோ முதியவர், செல்வர், ஆற்று வருவாயெல்லாம் கையில் உள்ளவர், சுரங்கக்காரர் பலரின் நம்பிக்கையைப் பெற்றவர். அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். நாட்டில் பாதிக்கு உரியவர் இடாத கையெழுத்தைச் சிங்கப்பூர் அரசு முழு நாட்டின் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டது. இந்த இடத்தில்தான் போர் பிறந்தது என்பது எமது துணிபு. பிறகு வெடித்த துப்பாக்கிகள் அதன் எதிரொலியே.

கிளானாவைத் துரோகி என்றும் பண்டாரை நாட்டுப்பற்றுள்ள வீரர் என்றும் எழுதுவோர் உண்டு. ஆங்கிலேயர் எழுதிய நூல்களிலோ கிளானா அறிவாளி, பண்டார் முரடர். இரண்டும் எமக்கு உவப்பில்லை. பண்டார் காக்க நின்றது சுதந்திரத்தை மட்டுமா? ஆற்று வரியையும் சேர்த்தே காக்க நின்றார். கிளானா விரும்பியது அடிமைத்தனத்தையா? தம்மைவிட வலிய பங்காளியோடு சமமாக நிற்க ஒரு கைத்தடியை விரும்பினார். கைத்தடி கிடைத்தது, அதன் மறுமுனை வேறொருவர் கையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தமிழ் நாட்டிலே ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் துணை சேர்த்துப் போரிட்ட கதையைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

மே மாதத்தில் கவர்னர் தாமே லிங்கி ஆற்றில் ஏறி வந்து, புக்கிட் தீகாவில் ரெம்பாவ் தரப்பார் கட்டியிருந்த அரண்களை அகற்றச் செய்தார். கிளானா ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பண்டாரின் ஆட்கள் கொதித்தார்கள். சீன மொழியில் வல்லவரான பிக்கரிங் என்பவரைக் கவர்னர் சமாதானம் பேச அனுப்பினார், பேச்சு முறிந்தது. நவம்பர் மாதத்தில் சண்டை தொடங்கியது. சிலாங்கூர்ப் போரில் தோற்றுத் திரிந்த ராஜா மஹ்மூத் தம் ஆட்களோடு பண்டார் பக்கம் வந்து சேர்ந்தார். மலாக்காவிலிருந்து பத்தாம் ரெஜிமெண்டுச் சிப்பாய்கள் காட்டு வழியே ராசாவுக்கு வந்தனர். பண்டாரின் கெப்பாயாங் அரணை அவர்கள் அடைந்தபோது அது காலியாயிருந்தது. முதியவர் சிலாங்கூர் எல்லையைக் கடந்து லங்காட்டுப் பக்கம் போய்விட்டார். பின்னர் சரணடைந்து, சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, உபகாரச் சம்பளத்தோடு அங்கே இருத்தப்பட்டார். ராஜா மஹ்மூத்தும் சரணடைந்தார். மறு ஆண்டு பேராக்கில் ஸ்வெட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரியின் தோழராய் நின்று ஆங்கிலேயர் பக்கமே சண்டையிட்டார். சரித்திரத்தில் இப்படிப்பட்ட மனிதர் வரும்போது, கட்சி கட்டிப் படிக்கும் வாசகர் திகைத்துப்போவார்.

இவ்வளவிலும் அழிந்தவர் யார்? தலைவர்களில் ஒருவரும் சாகவில்லை. சுரங்கத்தை விட்டு ஓடியவர்கள் சீனக் கூலிகள். நெல் வயலை விட்டு ஓடியவர்கள் கம்பத்துக் குடியானவர்கள். பெயர் எழுதி வைப்பாரில்லாமல் மடிந்தவர்களும் இவர்களே.

கதை இதோடு முடியவில்லை. 1875 நவம்பர் 2-இல் பேராக்கின் ரெசிடெண்டு பெர்ச் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். வெள்ளை அரசு எங்கும் கலகத்தையே கண்டது. அதே சமயத்தில், மலைக்கு அப்பாலுள்ள தெராச்சி தமக்கு உரியது என்று கிளானா எழுப்பிய வழக்கை ஒட்டி, சிரம்பானிலிருந்து ஆட்கள் அங்கே அனுப்பப்பட்டனர். ஸ்ரீ மெனாந்தியில் தலைமைப் பட்டத்துக்குத் தெங்கு அந்தாவும் தெங்கு அகமது துங்காலும் போட்டியிட்டுவந்த காலம் அது. அந்தா பொறுக்கவில்லை. அவருடைய வீரர்கள் புக்கிட் புத்துஸ் கணவாயைக் கடந்து இறங்கி பாரோயில் அரண் அமைத்தார்கள். டிசம்பர் 7-ஆம் நாள் பாரோயில் நடந்த போர் கடுமையானது. இரு பக்கமும் ஆட்கள் மடிந்தபின் அந்தாவின் படை கணவாய்க்குப் பின்வாங்கியது.

புக்கிட் புத்துஸ் சண்டையைப் போர்ப்பிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இருபுறமும் செங்குத்தான காடு. நடுவே ஒற்றையடிப் பாதை. பாதையை அடைத்து மரக்கோட்டை. நேரே ஏறினால் நூறு பேர் சாவார்கள். டிசம்பர் 20-ஆம் நாள் காப்டன் சானர் என்பவர் சிறிய கூர்க்கா அணியோடு வேவு பார்க்கக் காட்டுக்குள் நுழைந்து சுற்றிக் கோட்டையை அண்டினார். உள்ளே இருந்தவர்கள் உணவு வேளையில் காவலின்றி இருந்தார்கள். சானர் முதலில் வேலியைத் தாண்டிக் குதித்தார், கூர்க்காக்கள் தொடர்ந்தார்கள். சிறிது நேரத்தில் கணவாய் ஆங்கிலேயர் வசமாயிற்று. சானருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவர் துணிவை நாம் குறைக்கவில்லை. ஆனால் அன்று சோற்றுப் பானையின் அருகே விழுந்தவன் தன் நாட்டுக் கணவாயைக் காக்க வந்தவன். அவனுடைய துணிவை எழுத அன்று அங்கே எழுதுகோல் பிடித்தவர் இல்லை.

இன்னொன்றும் காண்க. கூர்க்காக்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கங்காணி சீட்டோடு இங்கே இறங்குவதற்கு வெகு காலம் முன்பே, இந்தியச் சம்பளப்பட்டியலில் இருந்தவர்கள் பாரோய் மலையில் ஏறிப் பிறர் வழக்குக்காகச் சுட்டார்கள், சுடப்பட்டார்கள். நம்மவர் கையில் துப்பாக்கிக்குப் பதிலாகப் பால் வெட்டும் கத்தி கொடுக்கப்பட்டது.

ஏனெனில் தோட்டம் இந்தப் போரின் பிள்ளை. பண்டார் போனபின் வரி வசூலும் நில உரிமையும் ரெசிடெண்டு கைக்கு வந்தன. முதல்வர்களில் ஒருவரான காப்டன் மர்ரேயின் விருந்தினராக 1879-இல் வந்த இசபெல்லா பேர்டு என்ற ஆங்கில மாது, இருட்டில் லிங்கி ஆற்றில் ஏறிய பயணத்தைத் தம் நூலில் வருணித்திருக்கிறார். ஆற்றில் துப்பாக்கி ஓய்ந்தது உண்மை; சாலை போடப்பட்டதும் உண்மை. அதை மறைப்பது நேர்மையன்று. நிலம் பெரும் பரப்புகளாக வெள்ளைத் தோட்டக்காரருக்குக் குத்தகையாயிற்று. முதலில் காப்பி, பின்பு ரப்பர். ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, அதன் செலவில் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றினார்கள். கிளானா அன்று தனியாக இட்ட கையெழுத்தின் மை, மூன்று தலைமுறை கழித்து நம் லயத்துச் சுவர்வரை ஊறி வந்திருக்கிறது. "இங்கே ஏது போர்" என்ற தம்பிக்கு நாம் சொன்னது இதுதான்: போர் நடந்திராவிட்டால் நீர் லாபுவில் பிறந்திருக்கமாட்டீர்.

இவ்வளவு இரத்தம் சிந்திய ஆற்றின் கதியையும் சொல்லிவிடுகிறோம். 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது. ஈயம் வண்டியேறியது. உடன்படிக்கை கையெழுத்தாகிப் பதினேழே ஆண்டில், எவருக்கு எவர் வரி கொடுப்பது என்று அடித்துக்கொண்ட லிங்கி ஆறு வாணிகத்துக்கு வேண்டாத ஆறாயிற்று. அந்த ரயில் பாதையும் இன்று ஓய்ந்து கிடக்கிறது.

அந்தாவின் அரண்மனை தீக்கிரையாயிற்று. அவர் ஜொகூருக்குத் தப்பி, அதன் மகாராஜா அபு பக்காரின் நடுநிலையால் 1876 நவம்பரில் சிங்கப்பூரில் உடன்பட்டுத் திரும்பி வந்து ஸ்ரீ மெனாந்தியை ஆண்டார். அவர் மகன் துவாங்கு முகம்மதுவின் காலத்தில், 1898-இல், நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே மன்னரை ஏற்றன. அவருடைய பேரர் துவாங்கு அப்துல் ரஹ்மான் 1957-இல் சுதந்திர மலாயாவின் முதல் பேரரசரானார். சம்பள நாளில் நாம் எண்ணி மடித்து இடுப்பில் செருகும் ரிங்கிட் நோட்டில் இருப்பது அவர் முகம். சிரம்பான் மக்கள் பந்தாட்டம் பார்க்கப் போகும் பாரோய் அரங்கத்துக்கு இடப்பட்டிருப்பதும் அவர் பெயர். பாட்டனாரின் வீரர்கள் அரண் அமைத்துப் போரிட்ட ஊர் அதே பாரோய்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் நால்வரோடு அம்பாங்கானிலிருந்து பாரோய் வழியாகக் கோலப்பிலா சாலையில் சென்றோம். புதிய அகலச் சாலையை விட்டுப் பழைய வளைவுப் பாதையில் ஏறி, வண்டியை ஓரம் கட்டி, கெட்டிஸ்பர்க் நிபுணர்கள் இறங்கிப் பார்த்தார்கள். மரக்கோட்டை எங்கே நின்றிருக்கலாம், சானர் எந்தச் சரிவால் வந்திருக்கலாம் என்று அவர்களுக்குள் உடனே தர்க்கம் மூண்டது. மழை தொடங்கும்வரை அது ஓயவில்லை. இறங்கும் வழியில் ஆலைத் தம்பி, "கிளானா, பண்டார் பட்டங்கள் இப்போதும் உண்டா ஐயா?" என்று கேட்டார். உண்டு. நெகிரி செம்பிலானின் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள தலைவர் நால்வரில் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானாவும் ஒருவர். அவர் தேர்ந்தெடுப்பது அந்தாவின் வழி வந்தவரை.